லாஃப்டில் கிடக்கும் கேமராவை எறிவதற்கு முன்

(நம் கிளப் ஹவுஸில் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



அடுத்த மின்கழிவு முகாமுக்கு யார் யார் என்னென்ன தரப்போகிறீர்கள் என்று நம் செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தார். வந்த பதில்களைப் படித்துக்கொண்டே வந்தேன். பழைய யுபிஎஸ், மிக்ஸி மோட்டார், சார்ஜர் வயர்கள், இரண்டு டிவி, நடுநடுவே ஏழெட்டு வீடுகளிலிருந்து ‘பழைய கேமரா 1’. இன்றைக்கு என்னைப் பேசச் சொன்னபோது அந்த ஏழெட்டு வீடுகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. முப்பது வருடம் கல்யாண வீடுகளில் படம் எடுத்தவன் என்ற உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கேமராவைத் தாராளமாக முகாமில் போடுங்கள். ஆனால் போடுவதற்கு முன் அதோடு ஒரு அரை மணி நேரம் உட்காருங்கள்.

‘பழைய கேமரா’ என்று நாம் சொல்வதில் மூன்று சாமான்கள் இருக்கின்றன: பெட்டி, முன்னால் இருக்கும் கண்ணாடி, உள்ளே ஓடிய ஃபிலிம். பெட்டிக்குப் பெரும்பாலும் ஆயுள் முடிந்துவிட்டது. கண்ணாடிக்கு முடியவில்லை; சொல்லப்போனால் கடந்த பத்து வருடத்தில் அதற்கு மறுவாழ்வு வந்திருக்கிறது. ஃபிலிமோ, போனால் போனதுதான், எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது. மூன்றையும் ஒரே அட்டைப் பெட்டியில் போட்டு ஸ்டில்ட் பார்க்கிங்கில் கொண்டுபோய் வைக்கிறோம். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இந்தத் தொழிலில் என்ன நடந்தது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1975ல் அமெரிக்காவில் ரோச்செஸ்டர் நகரத்தில், கோடாக் கம்பெனியின் இன்ஜினியர் ஸ்டீவ் சாஸன் ஃபிலிமே இல்லாத ஒரு கேமராவைச் செய்து காட்டினார். மூன்றரை கிலோவுக்கு மேல் எடை. ஒரு படம் கேசட்டில் பதிவாக 23 விநாடி ஆகும். ஃபிலிம் விற்றுப் பிழைத்த கம்பெனிக்குள்ளேயே ஃபிலிமுக்கு எமன் பிறந்தது. அதே கோடாக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. இந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அவ்வளவாகப் பேசப்படாதது அதற்கு அடுத்த பாகம். ஃபிலிமைக் கொன்ற டிஜிட்டல் கேமராவையே செல்போன் கொன்றது. ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் சங்கத்தின் கணக்குப்படி 2010ல் உலகம் முழுக்க அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடி. 2024ல் சுமார் 85 லட்சம். பதினான்கில் ஒரு பங்கு! கோனிகா மினோல்டா 2006லேயே கேமராத் தொழிலை சோனியிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறியது. ஒலிம்பஸ் 2021 தொடக்கத்தில் தன் கேமராப் பிரிவைக் கைமாற்றியது. அதனால் ‘இந்தப் பெயரே இப்போது கடையில் இல்லையே, இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது’ என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான்.

ஆனால் பெட்டியைத் திறந்து பாருங்கள் என்று சொன்னேன் அல்லவா, அதை ஒரு வரிசைப்படி செய்ய வேண்டும்.

முதலில், கேமராவின் பின்கதவைத் திறக்காதீர்கள். ஆர்வத்தில் எல்லோரும் செய்வது அதைத்தான். உள்ளே பாதி எடுத்த ரோல் இருக்கலாம். வெளிச்சம் பட்டால் அந்த நொடியே போய்விடும். 35 மி.மீ. கேமராவாக இருந்தால் இடது பக்கம் மேலே ஒரு குமிழ் இருக்கும், ஃபிலிமைத் திரும்பச் சுற்றுவதற்கு. அதை அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். லொடலொடவென்று சுற்றினால் அநேகமாகக் காலி. கொஞ்சம் சுற்றிவிட்டு இறுக்கிப் பிடித்தால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது. அப்போது அடியில் இருக்கும் சின்னப் பித்தானை அமுக்கிக்கொண்டு, பிடிப்பு விடுகிற வரை சுற்றி முடித்துவிட்டுத் திறங்கள். மோட்டார் வைத்த கேமரா என்றால் புது பேட்டரி போட்டுப் பாருங்கள், பலவற்றில் திரும்பச் சுற்றத் தனிப் பித்தான் உண்டு. அந்த ரோலைக் கழுவ முடியுமா? முடியும். கழுவும் லேப்கள் குறைந்திருக்கின்றன, இல்லாமல் போகவில்லை. தபாலில் அனுப்பினாலும் செய்து தருகிறார்கள். கறுப்பு வெள்ளை ரோலாக இருந்தால் வருடங்கள் கழித்தும் ஏதாவது வர வாய்ப்பு அதிகம். கலர் ரோலில் நிறம் சரிந்துபோயிருக்கும், ஆனால் முகம் தெரியலாம். யாருடைய முகம் என்பது கழுவும்வரை தெரியாது. அதற்காகவாவது கழுவிப் பாருங்கள்.

பெட்டிக்குள் தனியாக ஃபிளாஷ் ஒன்று இருந்தால் அதைக் கழற்றி விளையாடக் குழந்தைகளிடம் கொடுக்க வேண்டாம். அதற்குள் இருக்கும் கெபாசிட்டரில் சில நூறு வோல்ட் மின்சாரம் தேங்கி நிற்கும். பேட்டரியை எடுத்த பிறகும் நிற்கும். அது மின்கழிவுக்குத்தான் போக வேண்டும், பிரிக்காமல் அப்படியே.

அடுத்தது லென்ஸ். கையில் இருக்கும் செல்போன் டார்ச் போதும். லென்ஸைக் கழற்றி, அதன் வளையத்தில் இருக்கும் எண்களில் மிகச் சின்ன எண்ணுக்குத் திருப்பி வையுங்கள். 1.8, 2, 2.8 என்று ஏதாவது இருக்கும். பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். தூசி தெரியும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், எல்லா லென்ஸிலும் உண்டு. சிலந்தி வலை மாதிரி, கிளை விட்ட மாதிரி மெல்லிய வெள்ளை இழைகள் தெரிந்தால் அதுதான் பூஞ்சை. ஃபங்கஸ் என்று கடைக்காரர்கள் சொல்வது. அது கண்ணாடி மேல் பூசிய பூச்சை அரிக்கும், விட்டால் கண்ணாடியையே தடம் பதிய வைத்துவிடும். ஆரம்பத்தில் பிடித்தால் மெக்கானிக் கழற்றித் துடைத்துவிடுவார். முற்றிவிட்டால் தழும்பு போகாது.

நம் ஊர்க் காற்றில் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். காற்றில் ஈரப்பதம் அறுபது சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கடற்கரை ஊரான நமக்கு வருடத்தில் பல மாதம் அதற்கு மேல்தான். போதாக்குறைக்கு நாம் என்ன செய்கிறோம்? கம்பெனி கொடுத்த தோல் உறையிலேயே கேமராவைப் போட்டு, அதை பாலிதீன் கவரில் சுற்றி, இருட்டில் வைக்கிறோம். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுத்து வாசலையும் சாத்திவிட்டு வந்த மாதிரி. பட்டுப்புடவைப் பெட்டியில் வைப்பது போல அந்துருண்டை போட்டு வைப்பவர்களும் உண்டு. அந்துருண்டையும் கற்பூரமும் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று கேமராக் கையேடுகளிலேயே அச்சிட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

செய்ய வேண்டியது எளிது. காற்றுப் புகாத மூடி உள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல் பை நாலைந்து, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. மீட்டரில் 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் போதும். தோல் உறை வெளியிலேயே இருக்கட்டும். சிலிக்கா ஜெல் ஈரம் குடித்து நிறம் மாறியதும் சூடாக்கினால் மறுபடி பயன்படும். ஒரு எச்சரிக்கை: நீலத்திலிருந்து ரோஸ் நிறத்துக்கு மாறும் வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது. சமையல் வாணலியில் போட்டு வறுக்காதீர்கள், அதற்கென்று ஒரு பழைய பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பாடு பட்டு அந்த லென்ஸைக் காப்பாற்றி என்ன செய்வது என்று கேட்பீர்கள். இங்கேதான் தொழில் மாறியது நமக்கு நல்லதாகப் போயிற்று.

பழைய எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி சாய்வாக நிற்கும். ‘டக்’ என்று சத்தம் வருமே, அந்தக் கண்ணாடி எழும்பும் சத்தம்தான் அதில் பாதி. அதற்கு இடம் விட வேண்டும் என்பதால் லென்ஸ் தள்ளி உட்கார வேண்டும். நிக்கானில் 46.5 மி.மீ., கேனானின் ஆட்டோஃபோகஸ் வகையில் 44 மி.மீ. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு தூரம், ஒரு பூட்டு. அதனால் ஒரு கம்பெனி லென்ஸை இன்னொரு கம்பெனிக் கேமராவில் மாட்டுவது பெரும்பாலும் தலைவலி. பிறகு மிரர்லெஸ் வந்தது. 2008ல் பானசோனிக் ஆரம்பித்தது, 2013ல் சோனி பெரிய சென்சாரோடு வந்தது, 2018ல் நிக்கானும் கேனானும் அதே வழிக்கு வந்தார்கள். பெயரே சொல்கிறது, கண்ணாடி இல்லை. கண்ணாடி போனதும் லென்ஸ் கிட்டே வந்துவிட்டது. சோனியில் 18 மி.மீ., கேனானில் 20, நிக்கானில் 16. பழைய லென்ஸுக்குத் தேவையான தூரத்துக்கும் இதற்கும் நடுவில் ஒரு அங்குலம் மிச்சம் இருக்கிறது பாருங்கள், அந்த இடத்தில் ஒரு உலோக வளையத்தை வைத்தால் போதும். அடாப்டர் என்கிறார்கள். சாதாரண வகையில் கண்ணாடியோ எலக்ட்ரானிக்ஸோ எதுவும் கிடையாது, வெறும் வளையம். அப்பாவின் பென்டாக்ஸ் லென்ஸ் மகளின் சோனியில் உட்கார்ந்துவிடும்.

ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது, கையால்தான் திருப்ப வேண்டும். ஆனால் இந்தக் கேமராக்களில் பலவற்றில், ஃபோகஸ் ஆன இடத்தின் ஓரங்களைத் திரையில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ கோடு போட்டுக் காட்டும் வசதி இருக்கிறது. கண்ணாடி போட்டவர்களுக்குக்கூடச் சிரமம் இல்லை. இன்னொரு கணக்கும் சொல்கிறேன். புதுக் கேமராவோடு தரும் சாதாரண ஜூம் லென்ஸ் 50 மி.மீ. அளவில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். அந்தக் காலத்தில் கேமராவோடு சேர்த்து விற்ற சாதாரண 50 மி.மீ. லென்ஸ் எஃப் 1.8 அல்லது 2. 1.8 என்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே விடுகிறது. குத்துவிளக்கு வெளிச்சத்தில் பேத்தியின் முகத்தை ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். விலை அதிகமான புது லென்ஸுகளும் இதைச் செய்யும்தான். ஆனால் இது உங்கள் லாஃப்டில் ஏற்கெனவே இருக்கிறது.

அதற்காக வீட்டில் இருப்பதெல்லாம் பொக்கிஷம் என்று நினைத்துவிடாதீர்கள். தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு இருந்த கோடாக் கேபி 10 மாதிரி கேமராக்களில் பிளாஸ்டிக் லென்ஸ்தான், கழற்றவும் வராது. ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம், வேறு எதற்கும் ஆகாது. யாஷிகா, மினோல்டா, கேனான், நிக்கான், பென்டாக்ஸ் என்று பெயர் போட்டு லென்ஸ் தனியாகக் கழன்று வந்தால் அதை ஒதுக்கி வையுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கண் வைத்த யாஷிகா பெட்டி கேமரா ஏதாவது வீட்டில் இருந்தால் தயவுசெய்து என்னைக் கூப்பிடுங்கள், பார்க்கவாவது வருகிறேன். எங்கள் தொழிலுக்குச் சோறு போட்டது அது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். கெட்டிமேளம் கொட்டும்போது கேமராவில் இரண்டு படமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று, முகூர்த்தத்துக்குக் கால் மணி முன்னாலிருந்தே விரலால் எண்ணிக்கொண்டு நிற்போம். இன்றைக்கு ஒரு கல்யாணத்துக்கு ஐயாயிரம் படம் எடுக்கிறார்கள், அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அந்தப் பன்னிரண்டு படத்தின் நெகட்டிவ் இப்போது எங்கே என்பதுதான் என் கேள்வி.

நம் ஊர் வழக்கத்தில் பிரிண்ட் வாடிக்கையாளருக்கு, நெகட்டிவ் ஸ்டூடியோவுக்கு. மறு பிரிண்ட் போட அங்கேதான் வர வேண்டும் என்பதால். ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக ஜெராக்ஸ் கடையாகவும் செல்போன் கடையாகவும் மாறியபோது, அந்த நெகட்டிவ் பெட்டிகள் பழைய பேப்பர்காரருக்குப் போயின. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் வெள்ளி இருக்கிறது, அதைப் பிரித்தெடுக்க வாங்குபவர்கள் இருந்தார்கள். தப்பியவற்றைக் காப்பாற்றப் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஒரு பெரிய வேலை செய்தது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களில் மிஞ்சிய குடும்பப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டல் ஆக்கினார்கள். அவர்கள் உங்கள் வீட்டு லாஃப்டுக்கு வரப்போவதில்லை. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இதே மாநிலத்தில் ஃபிலிம் தயாரித்த அரசு ஆலை இருந்தது என்பது இங்கிருக்கும் இளைஞர்களுக்குத் தெரியுமோ என்னவோ. உதகையில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 1960ல் தொடங்கிய நிறுவனம், 1967ல் உற்பத்தி ஆரம்பித்தது. ‘இந்து’ என்ற பெயரில் வந்த ஃபிலிமும் பேப்பரும் நாங்கள் கை நிறையப் பயன்படுத்தியவை. ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்து போனது. கடைசியில் ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து ஆலையை முடித்துவிட்டார்கள். அந்தப் பெயர் அச்சிட்ட மஞ்சள் கவர் உங்கள் பெட்டியில் இருந்தாலும் இருக்கும்.

நெகட்டிவ் கிடைத்தால் முதலில் முகர்ந்து பாருங்கள். கேலி செய்யவில்லை. வினிகர் வாடை அடித்தால் ஃபிலிமின் அடித்தகடு சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். சூடும் ஈரமும் அதை வேகப்படுத்தும். அப்படி வாடை வருவதைத் தனியாக எடுத்து வைத்து, அவற்றை முதலில் நகல் எடுங்கள். மேல் மாடி வீட்டுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் லாஃப்ட் மொட்டைமாடித் தளத்துக்கு நேர் கீழே இருக்கிறது, சித்திரை மாதத்தில் அது அடுப்பு. நெகட்டிவ்களை அங்கிருந்து இறக்கி, காகித உறையில் போட்டு, படுக்கையறை அலமாரியின் நடுத்தட்டில் வையுங்கள்.

நகல் எடுக்க ஸ்கேனர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் செல்போனே போதும். லேப்டாப் திரையை வெறும் வெள்ளையாக்கி, அதற்கு மேல் இரண்டு அங்குல உயரத்தில் நெகட்டிவ் நிற்கிற மாதிரி ஏதாவது தாங்கி வையுங்கள். திரைக்கு ஒட்டி வைத்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். பளபளப்பான பக்கம் மேலே. அறை விளக்கை அணைத்துவிட்டு நேர் மேலிருந்து எடுங்கள். நிறத்தைத் தலைகீழாக்கும் வசதி படம் திருத்தும் ஆப்களில் கிடைக்கும். பத்திரிகையில் போடும் தரம் வராது. அத்தையின் கல்யாணத்தில் நின்றது யார் என்று தெரியும் அளவுக்கு வரும்.

எல்லாவற்றிலும் ஆபத்தில் இருப்பது நெகட்டிவ் அல்ல என்று சொன்னால் நம்புவீர்களா? 1998 முதல் 2010 வரை எடுத்தவைதான். மினி டிவி கேசட், சோனியின் மெமரி ஸ்டிக், எக்ஸ்டி கார்டு, மேலே பேனாவால் ‘கொடைக்கானல்’ என்று எழுதிய சிடி. நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். இவற்றைப் படிக்க அதற்கென்ற கருவி வேண்டும், அந்தக் கருவியைத்தான் நாம் மின்கழிவில் போடுகிறோம். கேசட் வீட்டில் இருக்கிறது, கேம்கார்டர் முகாமுக்குப் போகிறது. கேசட்டுகளை மாற்றி முடிக்கும்வரை கேம்கார்டரைக் கொடுக்காதீர்கள். டிஜிட்டல் கேமராவைக் கொடுக்கும் முன் கார்டு இருக்கும் சின்னக் கதவைத் திறந்து பாருங்கள். இந்தக் காலப் பிள்ளைகளுக்கு 2005 வாக்கில் வந்த சின்ன டிஜிட்டல் கேமராக்கள் மேல் திடீர் மோகம் வந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கொடுப்பதற்கு முன் வீட்டில் கேட்டுவிடுங்கள்.

பையன் புதுக் கேமரா கேட்கிறான், எது வாங்கலாம் என்று லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் நாலு பேராவது கேட்கிறீர்கள். இந்தக் கம்பெனி அந்தக் கம்பெனி என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தலைமுறை பழைய மிரர்லெஸ் பெட்டி ஒன்றை நம்பகமான இடத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள். உங்கள் அப்பாவின் 50 மி.மீ. லென்ஸுக்கு ஒரு வளையம் வாங்குங்கள். சின்ன சென்சார் கேமராவில் அது 75 மி.மீ. மாதிரி நடந்துகொள்ளும், முகங்கள் எடுக்க அருமையாக இருக்கும், முழு அறையை எடுக்க வராது. ஆறு மாதம் அதிலேயே பழகட்டும். அதற்குப் பிறகும் கேட்டால், மிச்சப் பணத்தை நல்ல லென்ஸில் போடுங்கள். பெட்டி நாலைந்து வருடத்தில் பழசாகிவிடும்.

முகாம் விஷயத்துக்கு வருகிறேன். செயலாளரிடம் பேசியிருக்கிறேன். அன்று காலை செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். கேமரா கொண்டுவருபவர்கள் நேராகக் கூடையில் போடாமல் மேஜைக்கு வாருங்கள். ஃபிலிம் இருக்கிறதா, லென்ஸ் நன்றாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். உப்பிப்போன பேட்டரி இருந்தால் கேமராவோடு சேர்த்துக் கொண்டுவராதீர்கள், தனி டப்பாவில் கொண்டுவாருங்கள். உங்களுக்கு வேண்டாத லென்ஸ், இன்னொரு பிளாக்கில் இருக்கும் பிள்ளைக்குப் பொருந்தும் என்றால் அங்கேயே கைமாற்றிக்கொள்ளலாம். பி பிளாக்கில் இரண்டு கல்லூரி மாணவர்கள் இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்கள்.

யாரோ கை தூக்கினீர்கள், சொல்லுங்கள் சார்.